மேன்பவர் ஊடாக வேலை செய்கிறவர்கள் தமது சம்பளத்தையும் சேமலாப நிதியையும் முழுமையாகப் பெறுவது எப்படி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வைத்தியசாலை விறாந்தைகளைக் கழுவுகிறவர்கள், வங்கி வாசலில் காவல் நிற்கிறவர்கள், சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் மூட்டை ஏற்றுகிறவர்கள், பாசிக்குடா விடுதிகளில் படுக்கை விரிக்கிறவர்கள் என்று பெருந்தொகையானோர் ஓர் இடத்தில் வேலை செய்து இன்னோர் இடத்தில் சம்பளம் வாங்குகிறார்கள். இந்த ஏற்பாட்டை எல்லோரும் மேன்பவர் என்றே சொல்கிறோம். வேலைத்தளம் மேன்பவர் நிறுவனத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறது. நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிகுதியைத் தொழிலாளிக்குக் கொடுக்கிறது. இடையில் ஊரிலிருந்து ஆட்களைச் சேர்த்துக் கொடுத்த ஏஜென்ட் ஒருவர் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போகிறது. இவர்களிடம் "உங்களுடைய தொழில்வழங்குநர் யார்?" என்று கேட்டால் பலர் உடனே பதில் சொல்லத் தயங்குகிறார்கள். அவர்களுடைய பணம் காணாமற்போவது அந்தத் தயக்கத்துக்குள்ளேதான். ஆகவே அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் பெறுவதிலிருந்து வேலையை விட்டு விலகும் நாள் வரை என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொழில்வழங்குநர் யார் என்பதைக் கண்டுபிடித்தல்

முதலில் ஒரு பிழையான எண்ணத்தை நீக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்குத்தான் சேமலாப நிதி (ஈ.பி.எஃப். என்னும் ஓய்வுக்காலச் சேமிப்பு) உண்டு, மேன்பவர் ஆட்களுக்கும் நாட்கூலிக்காரருக்கும் இல்லை என்ற பேச்சு எங்கள் பகுதியில் மிகவும் பரவியிருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், அமைய ஊழியர், துண்டுக்கூலிக்கு வேலை செய்பவர், பயிலுநர் என்று வேறுபாடு காட்டுவதில்லை. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருப்பவரும் அவருக்காகப் பணம் செலுத்த வேண்டும். ஆறு மாதம் "புரோபேஷன்" முடிந்த பிறகுதான் பதிவு செய்வோம் என்று சொல்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. கடமை முதல் நாளிலேயே தொடங்குகிறது.

அடுத்தது, தொழில்வழங்குநர் என்ற சொல்லுக்குத் தொழிற் சட்டங்கள் தரும் பொருள். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டத்தின்படி, தனக்காக ஒருவரை வேலைக்கு அமர்த்துகிறவரும் தொழில்வழங்குநரே. எவருக்காக இன்னொருவர் அந்த வேலையாளை அமர்த்துகிறாரோ அவரும் தொழில்வழங்குநரே. இன்னொருவர் சார்பில் ஆள் அமர்த்துகிறவரும் அப்படியே. சேமலாப நிதிச் சட்டமும் எவர் சார்பில் ஆள் அமர்த்தப்படுகிறாரோ அவரைத் தொழில்வழங்குநர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. மேன்பவர்காரரிடம் கேட்டால் வேலைத்தளத்தைக் கைகாட்டுவார், வேலைத்தளத்தில் கேட்டால் மேன்பவர்காரரைக் கைகாட்டுவார்கள் என்ற நிலையில் அலைகிறவர்கள் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். சம்பளம் கொடுப்பவர் என்ற வகையில் மேன்பவர் நிறுவனமே முதலில் பொறுப்பாளி. ஆனால் அந்த நிறுவனம் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒதுங்க வேண்டியதில்லை. முறைப்பாட்டில் இரு தரப்பின் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். யார் பொறுப்பு என்று தீர்மானிப்பது தொழில் திணைக்களத்தின் தொழில் அலுவலருடைய வேலை. இருவரில் ஒருவரை உங்களிடமிருந்து மறைத்துவைக்க எவருக்கும் உரிமை இல்லை.

முதல் நாளில் கையில் இருக்க வேண்டியவை

வேலை தொடங்கும் நாளில் மேன்பவர் நிறுவனத்தின் பதிவுசெய்யப்பட்ட முழுப் பெயர், முகவரி, வேலைத்தளத்தின் பெயர், வேலையின் வகை, அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், சம்பளம் தரும் நாள், சேமலாப நிதி இலக்கம் ஆகியவை எழுதிய நியமனக் கடிதம் ஒன்றைக் கேளுங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வரும் வேலையென்றால் வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவது தொழில்வழங்குநரின் கடமை. வேறு வகை வேலையிலும் கேட்பதில் தவறேதுமில்லை. "கடிதமெல்லாம் கொழும்பிலிருந்து வர வேண்டும்" என்று சொல்லி நாட்களைக் கடத்தினால், மேலே சொன்ன விபரங்களை நீங்களே வட்ஸ்அப்பில் எழுதி, "நான் இன்று இந்த நிபந்தனையில் வேலை தொடங்குகிறேன், சரிதானே?" என்று சூப்பர்வைசருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் "ஓம்" என்று ஒரு சொல் பதில் போட்டாலும் அது பின்னர் சான்றாகும்.

உங்கள் மூல அடையாள அட்டையையோ மூலச் சான்றிதழ்களையோ எவரிடமும் ஒப்படைத்துவிட்டு வர வேண்டாம், பிரதி போதும். சம்பளம் உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்பதில் உறுதியாக நில்லுங்கள். ஏஜென்டின் கணக்குக்குப் போய், அவர் ஊரில் வந்து கையில் எண்ணித் தருகிற பழக்கத்தில் கழிவுகளுக்குக் கணக்கும் இருக்காது, சம்பளம் வந்ததற்குச் சான்றும் இருக்காது. தமிழில் எழுதாத எந்தத் தாளிலும் வாசித்துப் புரியாமல் கையொப்பம் வைக்காதீர்கள். அவசரப்படுத்தினால் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு கையொப்பமிடலாம்.

சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும் முறை

தேசியக் குறைந்தபட்சச் சம்பளத்தை 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தீர்மானிக்கிறது. 2025இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அது 2025 ஏப்ரல் 1 முதல் மாதம் 27,000 ரூபா, நாளுக்கு 1,080 ரூபா. 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. துப்புரவுச் சேவைக்கும் பாதுகாப்புச் சேவைக்கும் ஆடைத் தொழிலுக்கும் தனித்தனிச் சம்பளச் சபைகள் இருக்கின்றன. அச்சபை தீர்மானித்த தொகை கூடுதலாக இருந்தால் அந்தக் கூடிய தொகையே உங்களுக்குரியது. குறைவாக இருந்தால் தேசியக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போக முடியாது. மேலதிக நேரக் கொடுப்பனவும் சேமலாப நிதியும், வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையும் இந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழான ஒரு தொகையை வைத்துக் கணிக்கப்படக் கூடாது.

பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி விழும் ஒரு குழியை எண்களோடு காட்டுகிறேன். "நாளுக்கு 1,800 ரூபா, பன்னிரண்டு மணித்தியால டியூட்டி" என்று ஒருவர் சொன்னால், 1,200ஐவிட 600 கூடத்தானே என்று மனம் சமாதானமடைந்துவிடும். சாதாரண வேலைநாள் எட்டு மணித்தியாலம் என்று கொள்வோம். 1,200 ரூபாவை எட்டால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 150 ரூபா. எட்டுக்கு மேற்பட்ட நான்கு மணித்தியாலங்களும் ஓ.டி. (மேலதிக நேரம்) ஆகும், ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு என்பதால் மணித்தியாலத்துக்கு 225 ரூபா, நான்குக்கும் சேர்த்து 900 ரூபா. ஆகவே அந்த நாளுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய மிகக் குறைந்த தொகை 2,100 ரூபா. 1,800 என்று பேசியவர் ஒவ்வொரு நாளும் உங்களிடமிருந்து 300 ரூபாவை எடுத்துக்கொள்கிறார். மாதம் இருபத்தாறு நாள் வேலை செய்தால் 7,800 ரூபா. நான்கு பேர் உள்ள ஒரு வீட்டின் அரிசியும் மாவும் சீனியும் வாங்கும் காசு அது.

ஆகவே "மொத்தமாக இவ்வளவு" என்று பேசுகிறவரிடம் அடிப்படை எவ்வளவு, எத்தனை மணித்தியாலத்துக்கு, ஓ.டி. எந்தக் கணக்கில் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். அப்படிப் பிரித்துச் சொல்ல மறுக்கிற இடத்தில் கணக்கு எங்கோ பிழைத்திருக்கிறது என்றே நான் எண்ணுவேன்.

சம்பளச் சீட்டில் கழிவுகளைப் பார்க்கும்போது, சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிப்பது சரி. சம்பளம் 25,000 ரூபாவுக்கு மேற்பட்டால் பற்றுச்சீட்டுக்கான முத்திரைத் தீர்வை 25 ரூபா கழிப்பதும் சரி. வருமான வரி என்று ஏதாவது கழித்திருந்தால் நிறுத்திக் கேளுங்கள்: 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஊழியர் நம்பிக்கை நிதியம் (ஈ.டி.எஃப்.) என்ற இன்னொரு நிதிக்குரிய 3 வீதம் தொழில்வழங்குநர் தன் கையிலிருந்து கட்ட வேண்டியது. அது உங்கள் சம்பளத்தில் கழிவாக வரவே கூடாது. சீருடைக் காசு, வாகனக் காசு, ஏஜென்ட் காசு, "நிர்வாகக் கட்டணம்" ஆகியவற்றைக் கழிக்க, சட்டம் அனுமதித்த நோக்கமும் உங்கள் சம்மதமும் வேண்டும். மேன்பவர் நிறுவனத்தின் இலாபம் வேலைத்தளம் கொடுக்கும் பணத்தில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதை இன்னொரு முறை உங்களிடமிருந்து அறவிடுவது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. மாதச் சம்பளம் மாதம் முடிந்து பத்து நாட்களுக்குள் தரப்பட வேண்டும். "வேலைத்தளத்திலிருந்து இன்னும் காசு வரவில்லை" என்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான விடயம். அதற்காக உங்கள் சம்பளத்தைத் தாமதிக்க முடியாது.

சேமலாப நிதி: கழித்த காசு போய்ச் சேர்ந்ததா?

என் மாமி ஒருவர் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் இடத்தில் துப்புரவு வேலை செய்தார். ஒரு மேன்பவர் நிறுவனத்தின் ஊடாகத்தான் அந்த வேலை. மூன்று வருடங்கள் ஒவ்வொரு மாதமும் 8 வீதம் கழிக்கப்பட்டது. சம்பளச் சீட்டில் அந்த வரி ஒழுங்காக அச்சிடப்பட்டிருந்தது. வீட்டுக் கூரைக்காகப் பணம் எடுக்கலாமா என்று விசாரிக்கப் போன நாளில்தான் அவருடைய பெயரில் கணக்கே திறக்கப்படவில்லை என்று தெரிந்தது. கழித்த காசு எங்கும் போய்ச் சேரவில்லை. மாமிக்கு எழுத்து வாசிப்பு அதிகம் இல்லை. ஆனால் குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரில், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளிலும் நீலப் பேனையால் ஒரு புள்ளி வைத்திருந்தார். இரவு டியூட்டி என்றால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். வருடம் முடிந்தபோது கலண்டரை எறியாமல் சுருட்டிப் பாய்க்கு மேல் வைத்திருந்தார். அந்த மூன்று கலண்டர்களையும் சம்பளச் சீட்டுக் கட்டையும் மேசையில் விரித்தபோது தொழில் அலுவலர் அவரை இருக்கச் சொல்லி, புள்ளிகளை மாதம் மாதமாக எண்ணி எழுதத் தொடங்கினார். மாமியிடம் அந்தக் கலண்டர்கள் இல்லாமல் இருந்திருந்தால் எங்கிருந்து தொடங்கியிருப்போம் என்று எனக்கு இன்றும் தெரியாது.

சீட்டில் கழிவு எழுதப்பட்டிருப்பது காசு கட்டப்பட்டதற்குச் சான்றாகாது. ஊழியரின் 8 வீதத்தோடு தொழில்வழங்குநர் தன் பங்காக 12 வீதத்தைச் சேர்த்து, மொத்தம் 20 வீதத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் செலுத்த வேண்டும். பிந்தினால் தாமதத்தின் அளவுக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் அவர் மீது விழும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நம்பிக்கை நிதியத்துக்குரிய 3 வீதம் வேறாகச் செலுத்தப்பட வேண்டும். 30,000 ரூபாச் சம்பளத்தில் உங்களிடம் கழிப்பது 2,400. அவர் சேர்க்க வேண்டியது 3,600. நம்பிக்கை நிதியத்துக்கு 900. ஒவ்வொரு மாதமும் உங்கள் பெயரில் 6,900 ரூபா போய்ச் சேர வேண்டும். ஐந்து வருடங்களில் வட்டி இல்லாமலே அது 414,000 ரூபா. சில மேன்பவர்காரர் அந்த 12 வீதத்தையும் தொழிலாளியிடமே கழித்துவிட்டு, "20 வீதம் கட்டுகிறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். 30,000 ரூபாச் சம்பளத்தில் 6,000 ரூபா கழிந்திருந்தால் இது நடந்திருக்கிறது என்று பொருள். தொழில்வழங்குநரின் பங்கை ஊழியரிடம் அறவிடுவது சட்டவிரோதம்.

இன்னொரு வழியும் கையாளப்படுகிறது. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி, மிகுதியை "வரவுப் படி", "ஊக்கப் படி" என்று பல துண்டுகளாகப் போட்டு, சிறிய தொகைக்கு மட்டும் சேமலாப நிதி கட்டுவார்கள். ஓ.டி.க்குச் சேமலாப நிதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், தரகுப் பணம், கொடுக்கப்படும் உணவின் பெறுமதி ஆகியவை நிதிக்குரிய வருமானத்தில் சேரும்.

இதைச் சரிபார்க்க உங்களுக்கு இரண்டு இலக்கங்கள் தேவை: தொழில்வழங்குநரின் இலக்கமும் உங்கள் அங்கத்துவ இலக்கமும். இரண்டும் சம்பளச் சீட்டில் இருக்க வேண்டும். வேலை தொடங்கி மூன்று மாதம் முடிந்ததும் அடையாள அட்டையையும் இந்த இலக்கங்களையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். மூன்று மாதப் பிழையைத் திருத்துவது எளிது, மூன்று வருடப் பிழையைத் திருத்துவது கடினம். இலங்கை மத்திய வங்கி அங்கத்தவர்களுக்கு வழங்கும் கணக்குக் கூற்றையும் கேட்டு வாங்கி, மாத வாரியாகச் சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழையோ அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் இலக்கப் பிழையோ இருந்தால் அப்போதே திருத்துவியுங்கள். ஐம்பது வயதில் காசு எடுக்கப் போகும் பெண்கள் அந்த ஓர் எழுத்துக்காகச் சத்தியக் கடதாசியோடு அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

"நீங்கள் ஊழியர் அல்ல, சேவை வழங்குநர்" என்று எழுதினால்

அண்மைக் காலத்தில் சில இடங்களில் நியமனக் கடிதத்துக்குப் பதிலாகச் சேவை ஒப்பந்தம் என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்குகிறார்கள். நீங்கள் சுயாதீனமான கொந்தராத்துக்காரர், ஆகவே விடுமுறையும் சேமலாப நிதியும் பணிக்கொடையும் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். தாளில் என்ன பெயர் சூட்டினார்கள் என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. வேலை உண்மையில் எப்படி நடந்தது என்று பார்க்கும். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வது யார்? துடைப்பமும் மருந்தும் இயந்திரமும் யாருடையவை? நீங்கள் வர முடியாத நாளில் உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை நீங்களே அனுப்ப முடியுமா? பிந்தி வந்தால் கண்டிப்பது யார்? வேலையின் இலாப நட்டம் உங்களைச் சேருகிறதா? நேரத்தையும் கருவியையும் ஒழுக்கத்தையும் அவர்கள் கட்டுப்படுத்தினால், கையொப்பமிட்ட தாள் எதைச் சொன்னாலும் நீங்கள் ஊழியர் என்று வாதிட இடமுண்டு. ஆகவே அத்தகைய தாளில் ஏற்கெனவே கையொப்பம் வைத்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். ரோஸ்டர், சீருடையோடு எடுத்த படம், சூப்பர்வைசர் கட்டளையிட்ட வட்ஸ்அப் செய்திகள், வரவுப் பதிவேட்டின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

உண்மையிலேயே சொந்தக் கருவியோடு, சொந்த ஆட்களை வைத்து, தொகை பேசி வேலை முடித்துக் கொடுக்கும் வயரிங் பாஸ் போன்றவருக்கு இந்த வாதம் பொருந்தாது. ஆனால் அவர் தன் கீழ் கூட்டிச் செல்லும் உதவியாளர்களுக்கு அவரே தொழில்வழங்குநர் என்பதை அவரும் மறக்கக் கூடாது.

விடுமுறை, மகப்பேறு, விபத்து

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் உண்டு; முதல் வருடத்தில் கணக்கு வேறு. பெண் ஊழியருக்குச் சம்பளத்துடன் 84 நாள் மகப்பேற்று விடுமுறை. 2018இன் திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது, நான்காவது பிள்ளை என்று குறைப்பதில்லை. கர்ப்பம் என்று தெரிந்ததும் "அடுத்த மாதம் வர வேண்டாம்" என்று வாய்மொழியாக நிறுத்துவது மேன்பவர் வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அப்படி ஒரு பேச்சு எழுந்தால் அதை அன்றே செய்தியாக எழுதி அனுப்பி, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

விபத்து விடயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, தன் வழமையான தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் கொந்தராத்துக் கொடுத்த முதன்மை நிறுவனத்திடமே காயமடைந்தவர் நட்டஈடு கேட்கலாம். அந்தப் பணத்தை அந்நிறுவனம் பின்னர் கொந்தராத்துக்காரரிடம் அறவிட்டுக்கொள்ளும். 2022இன் திருத்தம் வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்துகளையும் இதற்குள் கொண்டுவந்தது. வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது "விழுந்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லாமல், வேலைத்தளத்தில் எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது நடந்தது என்று சொல்லி அதைப் பதிவு செய்யும்படி கேளுங்கள். அந்தப் பதிவு பிறகு எங்கும் தேடிக் கிடைக்காது.

வேலைத்தளம் அரச நிறுவனமாக இருந்தால்

இது பலருக்குத் தெரியாத வழி என்பதால் தனியாகச் சொல்கிறேன். நீங்கள் வேலை செய்வது அரச வைத்தியசாலை, பல்கலைக்கழகம், பிரதேச சபை போன்ற இடமென்றால், மேன்பவர் நிறுவனத்துக்குக் கொடுக்கப்படுவது பொதுப் பணம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு தொழிலாளிக்கு நாளுக்கு எவ்வளவு கொடுக்கப்படுகிறது, ஒப்பந்தத்தில் சேமலாப நிதி பற்றி என்ன நிபந்தனை இருக்கிறது, மாதப் பட்டியலோடு நிதி செலுத்திய பற்றுச்சீட்டைக் கேட்கிறார்களா என்று அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் தமிழில் எழுதிக் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பழிவாங்கல் பயம் இருந்தால், அங்கு வேலை செய்யாத உறவினர் ஒருவரும் பிரஜை என்ற உரிமையில் இதே கேள்வியைக் கேட்கலாம்.

கட்டுநாயக்கவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

திருக்கோவில், வாகரை, வெல்லாவெளிப் பக்கங்களிலிருந்து இரவு பஸ் ஏறிக் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்குப் போகும் இளையவர்கள் பலர் அங்கே தொழிற்சாலையின் நேரடி ஊழியராகச் சேராமல், நாளுக்கு நாள் வேறு வேறு தொழிற்சாலைக்கு அனுப்பப்படும் மேன்பவர் ஆட்களாகிறார்கள். கையில் நாட்காசு வருவதால் அது கூடுதலாகத் தெரியும். ஒரு கொப்பியில் திகதி, தொழிற்சாலையின் பெயர், கூட்டிச் சென்றவரின் பெயர், வாகன இலக்கம், வேலை நேரம், வாங்கிய காசு ஆகியவற்றை ஒவ்வொரு இரவும் எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் அந்தப் பக்கத்தின் படத்தை வாரத்துக்கு ஒருமுறை வட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி வைத்தால் கொப்பி தொலைந்தாலும் கணக்குத் தொலையாது. அங்கு வேலை செய்த நாட்களுக்கான முறைப்பாட்டுக்காகக் கொழும்புக்கே ஓட வேண்டும் என்றில்லை; மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள தொழில் அலுவலகத்தில் வழி கேட்டுத் தொடங்கலாம்.

முறைப்பாடு செய்தல்

முதலில் மேன்பவர் நிறுவனத்துக்கும் வேலைத்தளத்தின் நிர்வாகத்துக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் உள்ள உரிமை. அம்பாறை நகரில் எதிரே இருக்கும் அலுவலர் சிங்களத்தில் பேசினாலும் நீங்கள் தமிழில் எழுதிக் கொடுக்கலாம், தமிழில் பதில் கேட்கலாம். சிங்களத்தில் நிரப்பிய படிவத்தில் புரியாமல் கையொப்பம் வைத்துவிட்டு வெளியே வர வேண்டாம்.

முறைப்பாட்டில் கோபத்தை எழுதுவதைவிடத் தொகையை எழுதுங்கள். எந்த மாதம், எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம், கிடைத்தது எவ்வளவு, கிடைக்க வேண்டியது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்று கோடு போட்ட தாளில் நிரலாக எழுதிப் போகிறவரின் முறைப்பாடு விரைவில் நகருகிறது. சேமலாப நிதி செலுத்தாத தொழில்வழங்குநருக்கு எதிராகத் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்து, தண்டப் பணத்தைப் போல அதை அறவிட முடியும். தனியாகப் போகப் பயந்தால் கூடிப் போங்கள். ஏழு பேர் சேர்ந்தாலே தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்யச் சட்டம் இடமளிக்கிறது.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்கள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணமில்லாமல், அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்னனுமதியோ இன்றி நிறுத்துவதை 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அதன் கீழான முறைப்பாட்டுக்கும் தொழில் நியாய சபைக்கான விண்ணப்பத்துக்கும் ஆறு மாதக் காலக்கெடு. "பொறுங்கள், வேறு சைட் தருகிறோம்" என்ற வாக்குறுதியை நம்பிக் காத்திருந்து ஏழாவது மாதத்தில் வந்தவர்களுக்கு என்னால் உதவ முடியாமல் போயிருக்கிறது.

விலகும்போது

ஐந்து வருடம் முடித்தவருக்கு, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்த நிறுவனமென்றால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு: மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தின் அரை மாதத் தொகை, மற்றவர்களுக்கு 14 நாள் சம்பளம். விலகி 30 நாட்களுக்குள் அது தரப்பட வேண்டும். இந்த ஐந்து வருடக் கணக்கை உடைப்பதற்காகவே சில நிறுவனங்கள் மூன்று, நான்கு வருடங்களில் பெயரை மாற்றிப் புதிய தாளில் கையொப்பம் வாங்குகின்றன. அதே வேலைத்தளம், அதே சூப்பர்வைசர், ஒரு நாள் இடைவெளிகூட இல்லை என்றால் பழைய தாள்களையும் புதிய தாள்களையும் சேர்த்துக் காட்டித் தொடர்ச்சியான சேவை என்று கோருங்கள். பழைய சேமலாப நிதி இலக்கத்தையும் எழுதி வையுங்கள். பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் உங்களுக்கு வேறொரு கணக்கு திறக்கப்பட்டிருக்கும்.

கடைசி நாளில் சேவைச் சான்றிதழையும் நம்பிக்கை நிதியத்திலிருந்து பணம் எடுக்கும் படிவத்தில் தொழில்வழங்குநரின் கையொப்பத்தையும் முத்திரையையும் வாங்கிக்கொண்டே வெளியேறுங்கள். பிறகு வந்து வாங்கலாம் என்று விட்டால் அலுவலகம் இடம் மாறியிருக்கும். எல்லாத் தாள்களையும் படமெடுத்து இன்னொருவரின் தொலைபேசிக்கும் அனுப்பிவிட்டு, மூலத் தாள்களை இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, மாரி வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.